சிட்டி ரோடுக்கு அந்தப் பக்கம் ஃபைனான்ஸ், இந்தப் பக்கம் அரசியல்

ஆகஸ்ட்ல பொண்ணோட சிட்னி யூனிவர்சிட்டி ஓப்பன் டேக்குப் (சேரப் போற பசங்க வந்து சுத்திப் பாக்கற நாள்) போயிட்டு வந்தேன், அன்னைக்கே எழுதணும்னு நினைச்சது, டேக்ஸ் சீசன்ல மூச்சு விட நேரமில்ல, இப்பத்தான் கை ஒழிஞ்சுது.

நான் ஒரு அக்கவுண்டன்ட். திருச்சில பி.காம் முடிச்சு இங்க வந்து பதினெட்டு வருஷமா ஊர்ல உள்ளவங்க டேக்ஸ் ரிட்டர்னெல்லாம் போட்டுக்கிட்டு இருக்கேன். அதனால பொண்ணு ஃபைனான்ஸ் எடுப்பான்னு நானே முடிவு பண்ணி வெச்சிருந்தேன். அவ என்னடான்னா பொலிட்டிக்கல் எகானமின்னு நிக்கிறா, அதாவது பொருளாதாரத்த அரசியலோட சேத்துப் படிக்கற பாடம். அதப் படிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்னு கேட்டேன். "பிரைம் மினிஸ்டர் வேலை"ங்கறா.

சும்மா வாய்க்கு வந்தத சொல்றான்னு நினைச்சேன், பாத்தா விஷயம் இருக்கு. யூனியோட பழைய கட்டடம் க்வாட்ராங்கிள், அதுக்கு முன்னாடி அந்த கடிகார கோபுரம் இருக்கில்ல, 1983ல ஸ்டூடன்ட்ஸ் அதைப் போய் பிடிச்சு உக்காந்துட்டாங்களாம், பொலிட்டிக்கல் எகானமி பாடத்துல கை வைக்காதேன்னு. அந்தக் கூட்டத்துல ஒரு பையன் ஆன்டனி அல்பனீஸி, பின்னாடி நிஜமாவே ஆஸ்திரேலியாவுக்கு பிரைம் மினிஸ்டர் ஆனவர். படிச்சது இதே யூனில எக்கனாமிக்ஸ்.

அந்த சண்டை அதுக்கும் ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சது. 60கள் கடைசில எக்கனாமிக்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு ரெண்டு புது ப்ரொஃபசர் வந்தாங்க, வாரன் ஹோகன், காலின் சிம்கின்னு. பாடம் பூரா கணக்கும் கிராஃபுமா மாறிடுச்சு. டெட் வீல்ரைட்னு ஒரு வாத்தியார், ஃபிராங்க் ஸ்டில்வெல்னு இங்கிலாந்துலருந்து வந்த ஒரு இளவட்டம், இன்னும் சில பேர், இவங்கெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம், பெரிய கம்பெனிங்களோட பவர், ஏற்றத்தாழ்வு இதெல்லாம் சொல்லித்தராம என்ன எக்கனாமிக்ஸ்னு கேட்டாங்க. பசங்களும் கூட சேந்துக்கிட்டு 1973ல கிளாஸ விட்டு வெளிய வந்தாங்க. அப்போ வைஸ் சான்சலரா இருந்த புரூஸ் வில்லியம்ஸே ஒரு எக்கனாமிஸ்ட்தான், இதுதான் எனக்குப் பிடிச்ச இடம், மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டைன்னு பஞ்சாயத்துக்குப் போனா அங்க உக்காந்திருக்கறவரும் ஒரு மாமியார்! ஒருவழியா 1975ல தனிப் பாடமா வந்துச்சு, ஆனா அதே டிபார்ட்மென்ட்டுக்குள்ள, அதே ஆளுங்களுக்குக் கீழ. ஒரே அடுப்பாங்கரைல ரெண்டு அடுப்பு, விளங்குமா? அதுக்கப்பறமும் வருஷக்கணக்கா இழுத்து, கடைசில 2008லதான் ஆர்ட்ஸ் ஃபேகல்டி பக்கம் தனி டிபார்ட்மென்ட்டா குடிபோனாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஒரு பாகப்பிரிவினை.

சரி, தனிக்குடித்தனம் வந்தாச்சு, சந்தோஷம். ஆனா அன்னைக்கு நடந்து பாக்கும்போதுதான் எனக்கு உறுத்துச்சு. இவங்க இருக்கறது பாரமட்டா ரோடு பக்கம், சோஷியல் சயின்ஸ் பில்டிங்ல. ஃபைனான்ஸ் வேணும்னா சிட்டி ரோட்டத் தாண்டி டார்லிங்டன் பக்கம் பிசினஸ் ஸ்கூலுக்குப் போகணும். பத்து பதினைஞ்சு நிமிஷ நடைதான். இந்தப் பக்கம் இருக்கறவங்க கேபிட்டலிசத்தப் பத்தி மணிக்கணக்கா பேசறாங்க, அந்தப் பக்கம் ஸ்டால்ல இருந்த பசங்க பாண்டுக்கு (கடன் பத்திரம்) விலை போட சொல்லித்தர்றோம்னு சொல்றாங்க. அந்த பாண்டை எந்த கவர்மென்ட், எதுக்காக, யார் தலைல கடனா கட்டி வித்துச்சுன்னு அந்தப் பக்கம் யாரும் பேசல. இந்தப் பக்கத்துல எத்தனை பேருக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்டப் படிக்கத் தெரியும்னு எனக்கு ஒரு டவுட்டு. (தொழில் புத்தி, மன்னிச்சிருங்க.)

திரும்பி வரும்போது ரெட்ஃபர்ன்ல டிரெயின் ஏறினோம். வெஸ்ட்மீட் வர்றதுக்குள்ள என் கதையே சந்தி சிரிச்சுப் போச்சு.

எங்ககிட்ட ஒரு யூனிட் இருக்கு, ஃபிளாட்டுதான், முதலீட்டுக்குன்னு கடன்ல வாங்கினது. பொண்ணு மெதுவா கேக்கறா, "அப்பா, அதுல வருஷத்துக்கு லாபம் எவ்ளோ?" லாபமெல்லாம் இல்லம்மா, வாடகையவிட வட்டி ஜாஸ்தி, நஷ்டம்தான்னேன். "அப்போ ஏன்ப்பா வெச்சிருக்கீங்க?" அந்த நஷ்டத்த என் சம்பள வருமானத்துல கழிச்சுக்கலாம், டேக்ஸ் குறையும், நாளைக்கு வித்தா விலை ஏறியிருக்கும், அந்த லாபத்துலயும் பாதிக்குத்தான் டேக்ஸ், இதுக்குப் பேரு நெகட்டிவ் கியரிங்னு நான் பெருமையா விளக்கறேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்வி: "அப்போ உங்களுக்குக் குறையற டேக்ஸ யாரு கட்டறா?"

பதினெட்டு வருஷத்துல ஒரு கிளையன்ட்கூட என்கிட்ட அதைக் கேட்டதில்ல.

அப்பறம் அவளே போன்ல தேடித்தேடி சொல்லிட்டு வந்தா. 1985ல லேபர் கட்சியோட பாப் ஹாக் கவர்மென்ட், கீட்டிங் நிதியமைச்சரா இருந்தப்போ இதுக்குக் கடிவாளம் போட்டாங்க, வாடகை ஏறுதுன்னு கூச்சல் வந்ததும் 1987லயே கழட்டி விட்டுட்டாங்க. 1999ல ஜான் ஹோவர்ட் பிரைம் மினிஸ்டரா இருந்த காலத்துல விக்கற லாபத்துக்கு 50% தள்ளுபடி வந்துச்சு. 2016, 2019 ரெண்டு தேர்தல்லயும் லேபர் கட்சி இதை மாத்தறோம்னு சொல்லிப் போய் ரெண்டுலயும் தோத்துச்சு. 2022ல அந்தப் பேச்சையே விட்டுட்டுப் போய் நின்னது யாருன்னு பாத்தா, நம்ம கடிகார கோபுரத்துப் பையன். ஜெயிச்சும் புட்டாரு. ஒரு டேக்ஸ் ஃபார்ம்ல ஒரே ஒரு கட்டம், அதுக்குப் பின்னாடி இவ்ளோ கதை. நானும்தான் வருஷா வருஷம் அந்தக் கட்டத்த நிரப்பறேன்.

சூப்பரையும் அப்படிப் பாக்கலாம், அதாவது ரிட்டயர்மென்ட்டுக்குன்னு சம்பளத்துக்கு மேல முதலாளி போட வேண்டிய பணம். 1992ல ஊருக்கே கட்டாயமானப்போ சின்ன கம்பெனிக்கு 3%, பெரிய கம்பெனிக்கு 4%, அதுதான் ஆரம்பம், 2025 ஜூலைலருந்து 12%. நர்ஸுக்கும் பஸ் டிரைவருக்கும் இப்படி சேர்ற பணத்துல ஏர்போர்ட்டு, டோல் ரோடுன்னு வாங்கி வெச்சிருக்காங்க. அது ஃபைனான்ஸா, பாலிடிக்ஸா? எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல.

அதனால என்னைக் கேட்டா (யாரும் கேக்கல) எங்கயாவது ஒரு யூனில புதுசா ஒரு ஸ்கூல் ஆரம்பிக்கணும், அரசியல் பொருளாதாரமும் ஃபைனான்ஸும் ஒரே கூரைக்கு கீழ, ரெண்டு பக்க வாத்தியாருங்களும் ஒரே கேன்டீன்ல டீ குடிக்கற மாதிரி. முதல் வருஷம் முதல் பாடம், ஒரு டேக்ஸ் ரிட்டர்ன கைல குடுத்து இதுல ஒவ்வொரு கட்டமும் எந்த வருஷம் யார் சண்டை போட்டதால வந்துச்சுன்னு கண்டுபிடிக்கச் சொல்லணும். ரெண்டாவது வருஷம் ஒரு சூப்பர் ஃபண்டோட வருஷ அறிக்கைய வரிவரியா படிக்கணும். கணக்குத் தெரியாதவன் தப்பிக்கக்கூடாது, கணக்கு மட்டும் தெரிஞ்சவனும் தப்பிக்கக்கூடாது. கண்டிப்பா அங்கயும் அடிச்சுக்குவாங்க, ஆனா அடிச்சுக்கறதையே பாடமா வெச்சிடலாம்.

ஃபீஸ் விஷயத்துல ஒரு ஆறுதல், இல்ல வயித்தெரிச்சல். 2021ல கொண்டுவந்த மாத்தத்துக்கு அப்பறம் காமர்ஸுக்கும் இந்த மாதிரி சமூக அறிவியல் பாடத்துக்கும் ஒரே ரேட்டு, ரெண்டும் மேல் தட்டுலதான். மலிவா இருக்குன்னு ஒண்ணப் பிடிச்சு ஆட்டறதுக்கும் எனக்கு வழியில்லாமப் போச்சு.

இப்போதைக்கு அவ போட்டிருக்கற லிஸ்ட்ல முதல் இடம் பொலிட்டிக்கல் எகானமி, ரெண்டாவது காமர்ஸ். ரெண்டாவது எனக்காகப் போட்டதுன்னு அவளே சொல்லிட்டா. நான் வாயத் திறக்கல. இந்த வருஷம் யூனிட்டோட ரிட்டர்ன் போடறப்போ பக்கத்துல உக்காந்து பாக்கறேன்னு வேற சொல்லியிருக்கா, அதான் ஒரு வாரமா அந்த ஃபைலத் தொடாம தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கேன்.