பழைய மீட்டருக்குப் புதியதைவிட அதிக விலை ஏன்?

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, ஈபேயில் ஒரு ஆஸிலோஸ்கோப்பின், அதாவது மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவியின், ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிகோல் டிஎஸ்1054இசட், நாலு சேனல், 50 மெகாஹெர்ட்ஸ். பயன்படுத்தியது. முடிய நாலு நிமிடம் இருக்கும்போது புதியதன் பாதி விலையில்தான் நின்றது. கடைசி அரை நிமிடத்துக்குள் ஐந்து பேர் மாறி மாறி ஏற்றி, தபால் செலவையும் சேர்த்துப் பார்த்தால் புதிய பெட்டியின் விலையைத் தாண்டிப் போய்விட்டது. வாரண்டி கிடையாது, அளக்கும் இடத்தைத் தொடும் நாலு புரோப்பில் இரண்டைக் காணோம், ஒரு பொத்தானின் மூடியும் இல்லை. அப்படியிருந்தும் விற்றது.

எலக்ட்ரானிக்ஸில் புதிதாக இறங்கும் பலர் இதைப் பார்த்துக் குழம்பிப்போகிறார்கள். பழைய அளவுக் கருவி மலிவாகத்தானே கிடைக்க வேண்டும்? இதில் இரண்டு வேறு வேறு சங்கதிகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன என்பது என் எண்ணம். ஒரு சாரார் தெரிந்தேதான் அதிகம் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு அது லாபம். இன்னொரு சாரார் அந்த விலையைப் பார்த்துவிட்டு, சரி, இதன் மதிப்பே இதுதான் போல என்று நம்பிக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

முதல் சாராரில் நானும் இருந்திருக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சோதனை மேசை இருந்தது. தயாராகி வரும் ஒவ்வொரு பவர் சப்ளை போர்டையும் அதில் மாட்டி, பதினாறு இடங்களில் வோல்டேஜ் அளந்து, சரி அல்லது தவறு என்று சொல்ல வேண்டும். அளந்தது ஹெச்பி 3478ஏ என்ற ஐந்தரை இலக்க மல்டிமீட்டர், 1980களின் தொடக்கத்தில் வந்தது. ஒரு நாள் காலையில் ஆன் செய்தால் திரையில் பிழைச் செய்திதான் வந்தது. புதிய மீட்டர் ஒன்று வாங்கிவிடலாம் என்று சொன்னது நான்தான். இரண்டு நாளில் என் மனம் மாறிவிட்டது.

கம்ப்யூட்டரும் மீட்டரும் பேசிக்கொண்டது ஜிபிஐபி கேபிள் வழியாக. ஹெச்பி தன் கருவிகளுக்காக உருவாக்கி, பிறகு 1975இல் ஐஇஇஇ 488 என்று தரநிலையான அதே இணைப்பு. கேபிள் எல்லோருக்கும் பொதுதான், ஆனால் அதன் வழியாகப் போகும் மொழி அந்தக் காலத்தில் மாடலுக்கு மாடல் வேறு. 3478ஏ-க்கு எஃப்1 என்று அனுப்பினால் டிசி வோல்ட், எஃப்3 என்றால் ரெசிஸ்டன்ஸ். 1990இல் எஸ்சிபிஐ என்ற பொது மொழி வந்த பிறகு வந்த மீட்டர்கள் வேறு கட்டளைகளை எதிர்பார்க்கின்றன, எஃப்1 என்றால் அவற்றுக்குப் புரியாது. எங்கள் நிரலை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். மூல நிரல் எங்கும் இல்லை, ஓடும் கோப்பு மட்டும்தான் மிச்சம்.

இதற்கும் ஒரு வழி இருந்தது. அடுத்து வந்த ஹெச்பி 34401ஏ, எஸ்சிபிஐயோடு சேர்த்து 3478ஏ-யின் மொழியையும் கற்றுக்கொண்டுதான் வந்தது, ஃப்ளூக் 8840ஏ-யின் மொழியும் அதற்குத் தெரியும். பழைய சோதனை மேசைகளின் கஷ்டம் ஹெச்பிக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! ஆனால் எங்களைக் கட்டிப்போட்டது மொழி மட்டும் இல்லை. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட சோதனை நடைமுறைத் தாளில், அளவுக் கருவி என்ற கட்டத்தில், 3478ஏ என்று எழுதியிருந்தது. மாடலை மாற்றினால் தாளை மாற்ற வேண்டும், பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து நூற்றுக்கணக்கான போர்டுகளை அளந்து இரண்டும் ஒத்துப்போகிறது என்று காட்ட வேண்டும், மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். அதுவரை போர்டு வெளியே போகாது. இத்தனைக்கும் முன்னால் ஒரு பழைய 3478ஏ-க்குப் புதிய மீட்டரின் விலையைவிடக் கொஞ்சம் கூடக் கொடுப்பது மிகச் சின்னச் செலவு. வாங்கினோம், மாட்டினோம், அன்று சாயங்காலமே மேசை ஓடியது.

அந்தப் பணத்தில் மீட்டரின் பங்கு பாதிகூட இருக்காது. மற்ற எதையும் மாற்றாமல் தப்பித்ததற்குக் கொடுத்ததுதான் மீதி. ராணுவத் தளவாடம், விமானப் பராமரிப்பு மாதிரி காகிதம் கனமான இடங்களில் இது இன்னும் பல மடங்கு நடக்கும்.

பழைய கருவி விற்கும் டீலர்களுக்கு இது அத்துப்படி. அதனால்தான் ஒரே மாடலை ஒருவர் கிட்டத்தட்டச் சும்மா கொடுப்பார், இன்னொருவர் அதற்குப் பத்து மடங்கு விலை போட்டு மாதக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அந்த இரண்டாவது விலை நமக்காகப் போட்டதே அல்ல. உற்பத்தி நின்றுபோய், நாளைக்கே வேண்டும், அளவு சரி என்று சொல்லும் காலிபரேஷன் சான்றிதழோடு வேண்டும் என்று வரும் யாரோ ஒரு மேலாளருக்காகப் போட்டது. வருடத்துக்கு ஒருவர் வந்தாலும் போதும். ஆகவே கேட்கும் விலையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி ஈபேயில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் படம் அடியோடு மாறிவிடும்.

புதியது என்று ஒன்றே இல்லாத கருவிகளின் கதை தனி. டெக்ட்ரானிக்ஸ் 576 கர்வ் டிரேசர் 1969இல் வந்தது. ஒரு டிரான்சிஸ்டரை அதில் செருகி 1500 வோல்ட் வரை ஏற்றி, அது எங்கே உடைகிறது என்பதைத் திரையில் வளைவாகப் பார்க்கலாம். அந்த வேலையை முழுதாகச் செய்யும் இன்றைய கருவிகள் ஆய்வகங்களுக்கானவை, அவற்றின் விலையே வேறு ரகம். எனவே 576ஐ அதன் பழைய கேட்டலாக் விலையோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை, அந்தக் காலத்துப் பணமும் வேறு. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கரண்ட் புரோப்பும் இப்படித்தான். டெக்ட்ரானிக்ஸ் ஏஎம்503 ஆம்ப்ளிஃபயர் தனியாகக் கிடைக்கும், ஆனால் அதைச் செருக டிஎம்500 சட்டகம் வேண்டும், முனையில் ஏ6302 புரோப் வேண்டும். புரோப்புக்குள் இருக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள், கீழே விழுந்தால் விரிசல் விடும். நல்ல நிலையில் இருக்கும் புரோப் குறைவு, விலை முழுக்க அங்கேதான் போய் நிற்கிறது.

2021இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது புதிய கருவிகளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததும் ஞாபகம் இருக்கலாம். கையில் இருக்கும் பழையது, வரப்போகும் புதியதைவிட உசத்தி என்று ஆகிவிட்டது.

அப்புறம் அந்த ரிகோல் ஏலம். இதற்கு மேலே சொன்ன எந்தக் காரணமும் பொருந்தாது. கடையில் புதிதாகவே கிடைத்த, எந்த நடைமுறைத் தாளிலும் கட்டுண்டு கிடக்காத கருவி. சிலர் அதில் மென்பொருளால் பூட்டியிருந்த 100 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிட்டிருக்கிறது என்பதற்காகக் கூடக் கேட்டிருக்கலாம், புதியதிலும் அது திறக்கக் கூடியதுதான். மற்றவர்கள் புதிய விலையைத் திறந்து பார்க்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஏலத்தில் பக்கத்து ஆள் கேட்கும் விலையே நமக்கு அளவுகோலாகிவிடுகிறது, அவருக்கு நாம். இரண்டு பேருமே கடை விலையைப் பார்க்காவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நானும் இப்படி ஒரு ஸ்கோப் வாங்கி நஷ்டப்பட்டிருக்கிறேன். ஏலத்தில் விலை நியாயமாகத்தான் முடிந்தது. பிறகு புரோப் இரண்டு, கழன்றிருந்த குமிழ் ஒன்று, தபால், சுங்கம் எல்லாம் சேர்ந்து புதியதைத் தாண்டியது. விளம்பரத்தில் "சோதிக்கவில்லை, ஆன் ஆகிறது" என்று இருந்தது. ஆன் ஆனது உண்மைதான், இரண்டாவது சேனலில் மட்டும் எதுவும் வரவில்லை. இப்போதெல்லாம் கேட்பதற்கு முன்னால் ஒரு தாளில் புதிய விலையை மேலே எழுதி, இல்லாத சாமான் ஒவ்வொன்றையும் கீழே எழுதிக் கழித்து, மிச்சத்தை ஒரே தடவை போட்டுவிட்டு ஜன்னலை மூடிவிடுகிறேன்.

இதற்குப் பிறகும் 3478ஏ வாங்கப் போகிறீர்கள் என்றால், உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி பலகையோடு பற்றவைத்திருக்கும். மீட்டரின் அளவைச் சரியாக வைக்கும் காலிபரேஷன் எண்கள் எல்லாம் அது உயிரோடு இருக்கும்வரைதான். விற்பவரிடம் முதலில் கேளுங்கள், பேட்டரியை எப்போது மாற்றினீர்கள், அந்த எண்களை நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று.