ஆறு மாதம் இருமவைத்த பிபி மாத்திரை

இப்போது இருமல் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. டிசம்பர் வரை ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைப்பதற்குள் நாலு தடவை எழுந்துபோய் இருமிவிட்டு வருவேன். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. பாதி அந்த டாக்டர் மேல், பாதி என் மேல்.

பிபி இருப்பது ஜூனில் தெரிந்தது. நாத்தனாரை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவள் வீட்டுக்குப் போன இடத்தில் எனக்கு மண்டை பிளக்கிற தலைவலி. "எங்க ஊர் டாக்டரைப் பாரு மதினி, கைராசிக்காரர்" என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். செங்கோட்டைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டாம், காய்கறிக்கு அவர்கள் இந்தப் பக்கம் பார்ப்பார்கள், வைத்தியத்துக்கு நாம் அந்தப் பக்கம் ஓடுவோம். 164/102 காட்டியது. ராமிப்ரில் 5, காலையில் ஒன்று. மூன்றே வாரத்தில் 130-க்கு வந்துவிட்டது. மாத்திரை வேலை செய்யவில்லை என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு நடந்த ஒரு கூத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் பொண்ணு கேள்வி கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தது. சுகர் உண்டோ, ஆஸ்துமா உண்டோ, சுமயுண்டோ. நான் ராஜபாளையத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷமாகியும் என் மலையாளம் பஸ் போர்டோடு சரி. "தலைச்சுமை எல்லாம் கிடையாதும்மா, தையல் வேலைதான்" என்றேன். அந்தப் பொண்ணு சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது. "இருமல் இருக்கான்னு கேக்குறாங்க மதினி" என்றாள் நாத்தனார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

ஜூலை முதல் வாரம் இருமல் ஆரம்பித்தது. குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்ததா, கேட்டவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: சாரல் காத்து. நானும் நம்பினேன். தொண்டைக்குழியில் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டது மாதிரி ஒரு அரிப்பு, அதை வெளியே தள்ள இருமல், இருமினால் ஒன்றும் வராது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, படுத்தால் மட்டும் இரண்டு பங்காகும். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பெண்கள் யாரும் வெளியே சொல்வதில்லை. நாற்பத்தாறு வயது, இரண்டு பிரசவம் பார்த்த உடம்பு, பலமாக இருமினால் பாவாடை நனைந்துவிடும். வெளியூர் கல்யாணம் இரண்டுக்கு அதனாலேயே போகவில்லை. டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

தீபாவளி நெருக்கத்தில் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு பெண்ணுக்குத் தோள்பட்டை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இருமல் வந்துவிட்டது. மூன்று ஊசி தரையில் விழுந்தது, நாலாவதைக் காணவில்லை. அந்தப் பெண்ணும் நானும் அரை மணி நேரம் தேடினோம். அவள் தாவணி மடிப்பில் குத்திக்கொண்டிருந்தது. அதுவரை நான் அதை விழுங்கிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

இதற்கு நடுவில் செய்த வைத்தியம்: மூன்று வகை சிரப், ஆன்டிபயாட்டிக் ஒரு சுற்று, உறிஞ்சுகிற மருந்து ஒன்று, வயிற்று அமிலம் ஏறி வருகிறதோ என்று ஒரு மாதம் வெறும் வயிற்றில் மாத்திரை. எக்ஸ்ரே சுத்தம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் டிபி பார்த்தே ஆக வேண்டும் என்று அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்தார்கள், அது சரியான நடைமுறைதான். ஆனால் வறட்டு இருமல்காரி சளிக்கு எங்கே போவாள்? விடியற்காலையில் கிணற்றடியில் டப்பாவோடு உட்கார்ந்து காறிக் காறிப் பார்த்து, வந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிபி இல்லை என்று வந்தது. இத்தனை பேரில் ஒருவராவது "வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். நானாகவும் சொல்லவில்லை. பிபி மாத்திரைக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே நினைப்போம்.

கேட்டது மெடிக்கல் ஷாப்பில் இருக்கும் டி.பார்ம் படித்த பொண்ணுதான். நாலாவது சிரப் கேட்டுப் போனபோது பாட்டிலை எடுக்காமல் என் பையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தது. "அக்கா, இது 'ப்ரில்'ல முடியுது. இந்த வகைக்கு வறட்டு இருமல் வரும், பொம்பளைங்களுக்குக் கூடுதலா வரும். டாக்டர்ட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க." ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் எல்லாம் ஒரே குடும்பமாம். உடம்பில் பிராடிகைனின் என்று ஒன்று சுரக்கிறது, அதைக் கரைக்கிற நொதியைத்தான் இந்த மாத்திரை கட்டிப்போடுகிறது, கரையாமல் தேங்கினது தொண்டையையும் நுரையீரலையும் சீண்டுகிறது. மாத்திரை தொடங்கி உடனேயும் வரலாம், மாதக்கணக்கில் கழித்தும் வரலாம். சிரப்புக்கெல்லாம் அடங்காது. இந்தக் குடும்பத்தின் முதல் மாத்திரையே பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்ததுதான் என்றும் சொன்னது. வீட்டில் சொன்னேன். "அதான் ராத்திரி பூரா சீறினியா" என்றார் எங்க வீட்டுக்காரர்.

அந்தப் பொண்ணு அழுத்திச் சொன்ன இன்னொன்று: இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எப்போதாவது உதடு, நாக்கு, முகம் வீங்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூச்சை அடைத்துவிடும்.

சரி, டாக்டரிடம் போனேன். ஒரு நாளைக்கு நூறு டோக்கன் பார்க்கிற மனுஷர். நான் "இந்த மாத்திரையாலதான் இருமல்..." என்று ஆரம்பித்ததுமே முகம் மாறிவிட்டது. யார் சொன்னது, கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவரா, இன்டர்நெட்டா? துணிப் பிசிறு அலர்ஜி, தையல்காரருக்கு வராமல் யாருக்கு வரும், முன்னாலேயே இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். "மருந்நு நிர்த்தருது", மருந்தை நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய், சரி, வேறு மாத்திரை எழுதித் தருகிறேன் என்றார். எனக்கு ஒரே சந்தோஷம், ஆரியங்காவில் பஸ் நின்றபோது பழம்பொரி வாங்கித் தின்றேன். வீட்டுக்கு வந்து புது அட்டையில் பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் பார்த்தால் அதே ராமிப்ரில் 5! கம்பெனிதான் வேறு. கடையை விட்டு நகரும் முன் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள், கண்ணாடியை மறந்திருந்தால் பக்கத்தில் நிற்கிறவரிடம் கொடுத்தாவது படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். வீம்பில் மாத்திரையை நிறுத்திவிட்டேன், யாரிடமும் சொல்லாமல். ஒன்பது நாள். மாமியாருக்குச் சுகர் மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் அக்கா அன்றைக்கு வந்தபோது, இருக்கட்டும் என்று எனக்கும் கையில் பட்டையைச் சுற்றினார். 176/104. அவர் இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார், மாமியார் என்னைப் பார்த்தார். இருமலும் போகவில்லை. மறுநாளே மலை தாண்டிப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவருக்கு அதைவிட என்ன வேண்டும்? "பார்த்தீங்களா, மாத்திரையை நிறுத்தியும் இருமல் நிக்கலை. அப்போ மாத்திரையா காரணம்?" பதில் சொல்ல வாய் வரவில்லை. சீட்டில், நோயாளி தானாக மருந்தை நிறுத்துகிறவர் என்று ஆங்கிலத்தில் எழுதினார். மகன்தான் படித்துச் சொன்னான்.

ஒன்பது நாள் போதாது என்பது எனக்கு அப்போது தெரியாது. நிறுத்திய பிறகு இருமல் அடங்க ஒன்றிலிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட இழுக்கும். நான் பாதிக் கிணறு தாண்டிவிட்டு அவரிடமே போய் மாட்டிக்கொண்டேன். திரும்பவும் அதே மாத்திரை. கிருஷ்ணன் கோயில் தெருவே என் இருமலில் விழித்தது.

இதற்கு மேல் அவரோடு மல்லுக்கட்டுவதில் பிரயோஜனம் இல்லை, வேறு டாக்டரிடம் போகலாம் என்றார் எங்க வீட்டுக்காரர். ஆனால் எந்த டாக்டரும் இருமல் எப்போதிலிருந்து என்றுதான் முதலில் கேட்பார், என் வாய்வார்த்தையை எத்தனை பேர் நம்புவார்கள்? அப்போதுதான் அந்த 'சுமயுண்டோ' தாள் நினைவுக்கு வந்தது. மாத்திரை எழுதிய அதே நாளில், அவர்கள் கையாலேயே, இருமல் இல்லை என்று எழுதின தாள். அது ஆஸ்பத்திரி ஃபைலில் இருந்தது.

முதல் தடவை போன அன்று அங்கே ஹர்த்தால். புளியரை வரை போன பஸ் அதற்கு மேல் நகரவில்லை, இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். கிளம்பும் முன் அந்தப் பக்கம் யாருக்காவது ஒரு போன் போட்டுக் கேளுங்கள், நாத்தனார் இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது தடவை சபரிமலைக் கூட்டத்தில் நின்றுகொண்டே போனேன். ரெக்கார்டு அறையில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு "ஃபைல் இல்லா" என்றார். என் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போட்டு, அதை விரித்து வீட்டுக்காரர் பெயராக்கி, அந்தப் பெயரில் என்னைப் பதிந்திருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்கவே மதியம் ஆகிவிட்டது. கண்டுபிடித்த பிறகு, டாக்டர் கையெழுத்து இல்லாமல் தர முடியாது, அவர் லீவு, செவ்வாய்க்கிழமை வாருங்கள். கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினேன், வேண்டுமென்றே இல்லை, ஆனால் அடக்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மகன் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தோடு போனேன். மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் வருஷ விதியில் இருக்கிறது, நோயாளி தன் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வரியைத்தான் எழுதியிருந்தான். நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன், மரியாதையாகத்தான். இருபது நிமிஷத்தில் ஜெராக்ஸ் கைக்கு வந்தது. காஃப் என்ற இடத்துக்கு நேரே 'நில்' என்று எழுதி, தேதியும் இருந்தது. ஆங்கிலத்து நில்தான், ஆனாலும் எனக்கு அது தமிழில்தான் கேட்டது.

தென்காசியில் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு. வாக்குவாதத்துக்குத் தயாராகப் போயிருந்தேன், வேலையே இருக்கவில்லை. அந்தத் தாள், பிபி எழுதிவந்த காலண்டர் தாள்கள், இரண்டு கம்பெனி அட்டைகள், எக்ஸ்ரே, சளி ரிப்போர்ட் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். மூன்று நிமிஷம் பார்த்தார். "ஒன்பது நாள் நிறுத்தினது தப்பு, ஆனா இருமலுக்குக் காரணம் இதுதான்" என்றார். மாதவிலக்கு வருகிறதா என்று கேட்டார், கர்ப்பத்தில் இந்த வகையும் ஆகாது, அடுத்து எழுதப்போகிற வகையும் ஆகாதாம். கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். வேறு வகை பிபி மாத்திரை எழுதினார், டெல்மிசார்ட்டன் 40. பாவாடை நனைகிற விஷயத்தையும் அவரிடம் சொன்னேன், அதற்கு இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். நாளைக்கே இருமல் நிற்காது, ஒரு மாதம் பொறுங்கள், பிபியை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி முழுக்கத் தூங்கினேன். பொங்கலன்று கரும்பு கடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், காலையிலிருந்து ஒரு தடவைகூட இருமவில்லை.

என்னைப் போல மாட்டியிருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பிபி மெஷின் வாங்கினால் மேல்கையில் சுற்றுகிறதை வாங்குங்கள். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு இரண்டு தடவை எடுத்துத் தேதியோடு எழுதுங்கள், டாக்டர் முன்னால் நாம் பேசுவதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும். 'லால்' என்று முடிகிற மாத்திரை, அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி சாப்பிடுகிறவர்கள் என் வீம்பைக் காப்பியடிக்கவே வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து.

மருந்தால் வந்த பக்கவிளைவை நோயாளியே பதிவு செய்யலாம் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. 1800 180 3024, காசு பிடிக்காத நம்பர். படிவம் தமிழிலேயே இருக்கிறது. மாத்திரை என்றைக்குத் தொடங்கினீர்கள், தொந்தரவு என்றைக்கு வந்தது என்று கேட்டிருந்தார்கள். இரண்டு தேதியும் எனக்கு மனப்பாடம்.

நாத்தனாருக்கு இன்னும் வருத்தம்தான், கைராசிக்காரரை விட்டுவிட்டு வந்துவிட்டேனாம். அடுத்த மாதம் அவள் மகளுக்கு வளைகாப்பு, ஜாக்கெட் நான்தான் தைக்கிறேன். அந்த டாக்டர் குடும்பத்தோடு வருவாராம். வரட்டும். நான் அங்கே இருக்கிற நேரம் முழுக்க ஒரு இருமல்கூட வராமல் இருந்தால் போதும்.