சிவாடியில் ஒரு வண்டி காத்திருக்க வேண்டும்

ஜூன் 7, 2025, சனி

தருமபுரி வீட்டின் மாடி அறையில் மாதிரி ரயிலுக்கான பலகை சுவரையொட்டி முழுச்சுற்று வந்துவிட்டது. 12 அடிக்கு 10 அடி அறை. கதவருகே மட்டும் தூக்கி இறக்கும் சிறு பாலம். அளவு 1:87, தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. நீளப் பக்கத்தில் தருமபுரி நிலையம், மூன்று லைன். எதிர்ச் சுவரில் சிவாடி, இரண்டு லைன். இரண்டையும் இருபுறமும் இணைப்பது ஒற்றைப் பாதை.

இரண்டு எஞ்சின்களையும் ஏற்றி மின்சாரம் கொடுத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பின, ஒரே பக்கம் போயின. நேர்மின்சாரப் பாதையின் இயல்பே அதுதான். 12 வோல்ட் வரை ஏற்ற ஏற்ற வேகம் கூடும். நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றினால் திசை மாறும். கட்டளை எஞ்சினுக்குப் போவதில்லை, தண்டவாளத்துக்குத்தான் போகிறது. அதில் நிற்கும் அத்தனை எஞ்சினும் கீழ்ப்படியும். ஒன்று நிற்க இன்னொன்று ஓட வேண்டுமென்றால் தண்டவாளத்தைத் தனித்தனி பிளாக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுத்தாக வேண்டும்.

ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் சில்லு வைக்கும் டிஜிட்டல் முறையில் இந்த வேலை இல்லை என்பார்கள். தெரிந்தேதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். பாதையைப் பிரித்து வண்டியை ஆள்வதுதான் ரயில்வேயின் உயிர் என்று நான் நம்புகிறேன். அதைக் கையால் செய்து பார்க்க ஆசை.

ஜூன் 8, ஞாயிறு

எங்கே வெட்டுவது? பல வரைபடங்களில் சுற்றுப்பாதையைச் சம நீளத் துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. சம நீளம் என்பது அளவுநாடாவின் வசதி. ஒற்றைப் பாதையில் ஓடும் வண்டிக்கு அதனால் என்ன பயன்?

சேலம்–பெங்களூரு பாதையில் போய்வந்தவர்களுக்குக் கிராசிங் தெரியும். சிறிய நிலையம் ஒன்றில் வண்டி நின்றுவிடும். டீ விற்பவர்கூட இருக்க மாட்டார். பயணிகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எதிர்வண்டி வந்து பக்கத்து லைனில் ஒதுங்கியோ கடந்தோ போன பிறகுதான் சிக்னல் விழும். அந்த இடத்தைத்தான் நான் வெட்ட வேண்டும். வண்டி எங்கே காத்திருக்குமோ அது ஒரு பிளாக். இரண்டு காத்திருப்புகளுக்கு நடுவே ஒரே வண்டி மட்டும் இருக்கக்கூடிய பாதை இன்னொரு பிளாக்.

அப்படிக் கணக்கிட்டால் தருமபுரியில் மூன்று, சிவாடியில் இரண்டு, இடைப்பாதைகள் இரண்டு, எஞ்சின் ஒதுங்கும் பக்க லைன் ஒன்று. மொத்தம் எட்டு.

வெட்டின் துல்லியமான இடத்துக்கும் ரயில்வேயிலேயே விடை இருக்கிறது. இரண்டு லைன்கள் சேரும் இடத்தில் தரையில் ஓர் அடையாளம் இருக்கும். ஃபவுலிங் மார்க் என்பார்கள். அதைத் தாண்டி நிற்கும் பெட்டி பக்கத்து லைன் வண்டியில் உரசும். வெட்டு அதற்கு உட்புறமாக இருந்தால், மின்சாரம் நின்றதும் எஞ்சின் பாதுகாப்பான இடத்திலேயே நின்றுவிடும்.

சென்னை ஐசிஎஃப் ஆலையில் செய்யும் பயணிகள் பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 24.5 செ.மீ. ஐந்து பெட்டியும் எஞ்சினும் சேர்ந்து ஒன்றரை மீட்டர் வரும். சிவாடியில் வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைனுக்கு 1.65 மீட்டர் ஒதுக்கினேன்.

ஜூன் 11, புதன்

எதிர்வீட்டு வயர்மேன் அண்ணன் மாடிக்கு வந்தார். வீடுகளுக்கு வயரிங் செய்து நரைத்தவர். என் வயரிங் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதில் எது பேஸ், எது நியூட்ரல்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. வெளித் தண்டவாளத்தை எங்கும் வெட்டாமல் எல்லா பிளாக்குக்கும் பொதுவாக விட்டிருக்கிறேன். உள் தண்டவாளத்தை மட்டும்தான் வெட்டுகிறேன். வயர் பாதியாகக் குறைகிறது. பார்வைக்கு அந்தப் பொதுத் தண்டவாளம் நியூட்ரல் போலத்தான் தெரியும். ஆனால் திசை மாற்றும்போது அதுவே நேர்முனை ஆகிவிடும்.

"அப்படியானால் 12 வோல்ட் பவர் சப்ளை ஒன்று வாங்கி வேகம், திசை மாற்றும் இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாமே, தம்பி?"

"கூடாது அண்ணா" என்று படம் போட்டுக் காட்டினேன். முதல் பெட்டி முன்னோக்கி ஓட்டும்போது பொதுத் தண்டவாளம் சப்ளையின் எதிர்முனையில் இருக்கிறது. இரண்டாவது பெட்டியைப் பின்னோக்கித் திருப்பினால் அதே தண்டவாளம் அதே சப்ளையின் நேர்முனையிலும் சேர்கிறது. நேரடி ஷார்ட். பொதுத் தண்டவாள முறைக்கு ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டாத தனி டிரான்ஸ்பார்மர் கட்டாயம். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. அண்ணன் விரலால் இரண்டு சுற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார். அவர் வாயால் அது வந்தால் ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி.

ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு டாகிள் சுவிட்ச். மேலே தள்ளினால் முதல் பெட்டி, கீழே தள்ளினால் இரண்டாவது, நடுவில் மின்சாரம் இல்லை. ஒரு பிளாக்கை ஒரே நேரத்தில் இருவரும் ஓட்ட இந்தச் சுவிட்ச் இடம் கொடுக்காது.

ஜூன் 14, சனி

வெட்டும் நாள். மெல்லிய அறுப்புத் தகடு பொருத்திய சிறு கைமெஷின். இருபுறமும் தண்டவாளத்தைக் கட்டைகளோடு ஒட்டி, அசையாமல் செய்த பிறகே தகட்டை வைத்தேன்.

வெட்டிய இடைவெளியைச் சும்மா விடக்கூடாது. எங்கள் மாடிக்கு மேலே சிமென்ட் ஷீட், பகலில் அனல். வெப்பம் 20 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் மூன்றில் ஒரு பங்கு மி.மீ. நீளும். காலையில் பிரிந்திருக்கும் பிளாக் மத்தியானம் தொட்டுக்கொள்ளும். பழைய ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. அதை நறுக்கி, இடைவெளியில் செருகி, பசை வைத்து, காய்ந்ததும் தண்டவாளத்தின் வடிவத்துக்கே அரத்தால் தேய்த்தேன். விரலை ஓட்டினால் தட்டவில்லை.

நிஜப் பாதையிலும் இப்படி மின்காப்பு வைத்த இணைப்புகள் உண்டு. அங்கே நோக்கம் வேறு. இரண்டு தண்டவாளத்திலும் சிறு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். வண்டியின் அச்சு அதை இணைத்ததும் ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்ச் விழுந்து, அந்தத் துண்டில் வண்டி இருக்கிறது என்று சிக்னலுக்குச் சொல்லும். வயர் அறுந்தாலும் ரிலே விழும். சந்தேகம் வந்தால் சிவப்பு என்பதை மின்சுற்றிலேயே எழுதிவைத்த அந்த அறிவை வணங்குகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

வயர் வாங்கினேன். கடைக்காரர் காலிங் பெல் வயர் போதும் என்றார். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சுவிட்ச் பலகையிலிருந்து சிவாடி 7 மீட்டர், போய்வர 14. 0.2 சதுர மி.மீ. செம்பு வயரில் ஏறத்தாழ 1.2 ஓம். எஞ்சின் அரை ஆம்பியர் இழுத்தால் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் அது தூசு. வண்டி 4 வோல்ட்டில் ஊர்ந்து நிலையத்துக்குள் வரும்போது கண்ணுக்குத் தெரியும். 1 சதுர மி.மீ. வயரில் அதே இழப்பு 0.12 வோல்ட்தான். பொதுவுக்குக் கறுப்பு, வெட்டிய பக்கத்துக்குச் சிவப்பு, இரண்டு முனையிலும் பிளாக் எண்.

ஜூன் 18, புதன்

பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின் நிறுத்தம். ஐந்து மணிக்குப் பிறகு ஈயப்பற்று வேலை. சிவாடி முடிந்தது.

ஜூன் 22, ஞாயிறு

முதலில் எஞ்சின், பெட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மல்டிமீட்டர். பெட்டிக்குள் இருக்கும் விளக்குகூட இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துப் பொய் சொல்லும். எல்லாச் சுவிட்சும் நடுவில். ஒவ்வொரு வெட்டின் இருபுறமும் வைத்துப் பார்த்ததில் மீட்டர் ஒலிக்கவில்லை.

இன்னும் ஓர் ஆபத்து பாக்கி. எஞ்சினின் சக்கரங்கள் வெட்டைத் தாண்டும்போது இரண்டு பிளாக்கையும் ஒரு கணம் இணைக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருந்தால் இரண்டு சப்ளையும் மோதும். இதற்குக் காரின் பிரேக் விளக்கு பல்பு, 12 வோல்ட் 21 வாட், ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்தும் வெளியே போகும் வயரில் தொடராக ஒன்று. குளிர்ந்திருக்கும்போது அதன் இழைக்குத் தடை மிகக் குறைவு, எஞ்சினுக்கு அது இருப்பதே தெரியாது. ஷார்ட் ஆனால் எரிந்து, தடை கூடி, மின்னோட்டத்தை 1.75 ஆம்பியருக்குள் பிடித்துக்கொள்ளும். ஆட்டோ உதிரிபாகக் கடையில் கிடைக்கும் பொருள் இவ்வளவு அழகாகக் காவல் காக்கிறது.

அக்கா மகள் வந்திருந்தாள். வேண்டுமென்றே ஒரு திருப்புளியைத் தண்டவாளத்தில் குறுக்கே வைக்கச் சொன்னேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. "மாமா, வேறு எதுவும் ஆகவில்லையே!" என்றாள். அதற்காகத்தான் பல்பு.

ஜூன் 29, ஞாயிறு

இன்று கிராசிங். அக்கா மகள் தருமபுரியிலிருந்து, நான் எதிர்த்திசையில். ஒற்றைப் பாதையில் டோக்கன் இல்லாமல் வண்டி போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இந்திய ரயில்வேயில் நீல் பந்து டோக்கன் கருவி என்று ஒன்று உண்டு. அதிலிருந்து வெளியே வரும் இரும்புப் பந்து ஓட்டுநர் கையில் இருந்தால்தான் அடுத்த நிலையம்வரை அவருக்கு உரிமை. எங்களுக்கு இடைப்பாதைக்கு ஒன்றாகப் பெரிய பேரிங் குண்டுகள்.

அவள் குண்டை எடுத்துக்கொண்டு இடைப்பாதைச் சுவிட்சை மேலே தள்ளினாள். என் சரக்கு வண்டி சிவாடி லூப்பில், சுவிட்ச் நடுவில். அவளுடைய பயணிகள் வண்டி வளைவைச் சுற்றி வந்து மெயின் லைனில் நுழைந்து நின்றது. குண்டு என் கைக்கு வந்தது. சுவிட்சைக் கீழே தள்ளி, லைன் மாற்றும் பாயின்ட்டைத் திருப்பி, தருமபுரியை நோக்கிக் கிளம்பினேன். அவள் வண்டி அசையவே இல்லை. எட்டு பிளாக்கும் இந்த ஒரு காட்சிக்காகத்தான்.

அடுத்தது மேல்பலகை. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 762 மி.மீ. குறும்பாதை வந்தது. 1913-ல் ஓசூர்வரை நீண்டது. 1941-ல் மூடப்பட்டது. 762-ஐ 87-ஆல் வகுத்தால் 8.76. கடையில் கிடைக்கும் 9 மி.மீ. பாதை அதற்குப் போதும். அந்தக் காலத்து வண்டி இன்றைய வண்டியோடு எங்கும் சேராது என்பதால் அதன் மின்சாரமும் சேரக்கூடாது. பொதுத் தண்டவாளம்கூடத் தனி. மூன்றாவது டிரான்ஸ்பார்மருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். கதவுப் பாலம் தூக்கியிருக்கும்போது இருபக்கமும் மின்சாரம் அறுபடும் சுவிட்சை அதற்கு முன் முடித்துவிட வேண்டும்.