ஒன்பதில் ஐந்து பிடித்தது: புளிப்பு மாமரத்தில் இமாம்பசந்து

துளிர்த்துவிட்டது! ஆடியில் கட்டிய ஒன்பது ஒட்டில் ஐந்து பிடித்திருக்கிறது. மூன்று இமாம்பசந்து, இரண்டு காசா மாம்பழ ரகம். போன வருடம் கட்டிய ஏழும் பத்தே நாளில் கறுத்துச் சுருங்கியதைப் பார்த்தவன் நான். செம்பு நிறத்தில் விரல் நீளத்துக்கு நிற்கிற இந்த இலைகளைக் காலையும் மாலையும் ஏணி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மரம் அப்பா தின்று போட்ட கொட்டையில் வந்தது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பதினான்கு வருடமாக நிற்கிறது. காய் புளிப்பு, பழுத்தால் வெறும் நார். வெட்டிவிட்டு ஒட்டுக்கன்று வாங்கி வை என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நன்றாக வேர் பிடித்து, இந்த ஊர் வெயிலைத் தாங்கி நிற்கிற மரத்தை எதற்கு வெட்ட வேண்டும்? போன வருடம் மாசியில் நான்கு அடி உயரத்தில் சாய்வாக அறுத்து, வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தைக் குழைத்துப் பூசி, அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கிழக்குப் பக்கத்துக் கிளை ஒன்றை மட்டும் இலையோடு விட்டுவைத்தேன். மரத்துக்குச் சாப்பாடு போட ஏதாவது இலை வேண்டும் இல்லையா, அதற்குத்தான். முழுமொட்டையாக அடிக்காதீர்கள்.

முதல் வருடம் தோற்றதற்கு இரண்டு காரணம். ஒன்று குச்சி, அதாவது நல்ல ரக மரத்திலிருந்து வெட்டி நம் மரத்தில் ஒட்டுகிற இளங்கிளை. நத்தத்தில் பெரியப்பா தோட்டத்துக்குப் போய், கண்ணில் பட்ட குச்சிகளை வெட்டி, செய்தித்தாளில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். இந்த முறை பத்து நாளுக்கு முன்பே பெரியப்பாவைக் கூப்பிட்டு, “பெரியப்பா, மூணு நாலு மாசக் குச்சியா பாத்து, இலையை மட்டும் நறுக்கி விடுங்க, காம்பு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். பத்தாம் நாள் போனபோது காம்புகள் விரல் பட்டதும் உதிர்ந்தன, நுனி மொட்டு பருத்திருந்தது. அதுதான் பக்குவம். ஈரத்துணியில் சுற்றி வாழை மட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து அன்று மாலையே கட்டினேன்.

இரண்டாவது காரணம் கத்தி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. போன வருடம் காகிதம் வெட்டுகிற கட்டரை வைத்துத்தான் குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவினேன், கிளையைப் பிளந்து அதில் சொருகுவதற்கு. அதன் விளிம்பு இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். சீவச் சீவ மரத்துக்குள் இறங்கி மேலே ஏறி, வெட்டு அலை அலையாக வரும். வெறும் கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். இரண்டு சீவிய குச்சிகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நடுவில் ஒளி கசியும். அந்த இடைவெளியில் காய்ந்துபோனால் முடிந்தது கதை. ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சாணை. தட்டையான பக்கம் குச்சியில் படிய வைத்து, மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையை இழுத்தால் ஒரே இழுப்பில் மூன்றரை சென்டிமீட்டர் சீவு கண்ணாடி மாதிரி வரும். கவாத்து செய்த மாங்குச்சிகளை வைத்து இரண்டு வாரம் ராத்திரி ராத்திரி சீவிப் பழகினேன், நூறு குச்சிக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு ஒட்டுக்கும் முன்னால் கத்தியில் ஒட்டிய மாம்பாலைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வெட்டு இழுபடும்.

அப்புறம், பட்டைக்குக் கீழே தெரிகிற பச்சைக் கோடு. குச்சியின் கோடும் கிளையின் கோடும் சேர்ந்தால்தான் ஒட்டு பிடிக்கும். குச்சி மெலிசாக, அறுத்த மரத்தில் புதிதாக வந்த தளிர்க் கிளை தடிமனாக இருந்தால் நடுவில் சொருகக் கூடாது, ஒரு ஓரமாகத் தள்ளி அந்தப் பக்கத்துக் கோடுகளாவது சேருகிற மாதிரி வைக்க வேண்டும். பிடிக்காத நான்கில் இரண்டு நான் அவசரத்தில் நடுவில் சொருகியவை, எனக்கே தெரியும்.

பாலித்தீன் நாடாவைக் கீழிருந்து மேலே சுற்றினேன், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. மேலே பாக்கெட் ஐஸ் அடைக்கிற குழாய் உறையைக் கவிழ்த்துக் கட்டினேன். மரத்தின் மேல் திறந்த வெயிலில் உறைக்குள் குச்சி வெந்துவிடும், அதனால் அதற்கு மேல் பழுப்புக் காகிதக் கூம்பு. பதினெட்டாம் நாள் முதல் மொட்டு வெடித்தது. இலை விரிந்ததும் ஒரு மாலை நேரத்தில் உறையை எடுத்தேன்.

நாடா விஷயத்தில் ஒரு புலம்பல். உள்ளூர்க் கடையில் ஒட்டு நாடா என்று சொல்லி விற்றதை இழுத்தால் நீளாமல் கிழிகிறது, ஒரு சுருள் வீண். கடைசியில் மெல்லிய பாலித்தீன் பையை இரண்டு சென்டிமீட்டர் பட்டையாக நறுக்கித்தான் கட்டினேன், அருமையாக இறுகியது.

காலியான நான்கு கிளைகளிலும் அடுத்த ஆடியில் மல்லிகா கட்டலாம் என்று ஆசை. நீலத்தையும் தசேரியையும் கலந்து உருவாக்கிய ரகம், தாமதமாகப் பழுக்கும், இமாம்பசந்து முடிந்த பிறகும் வீட்டில் பழம் இருக்கும். கிருஷ்ணகிரி பக்கம் சந்தூரில் நாற்றுப் பண்ணைகள் நிறைய, ஒரு கன்று வாங்கித் தொட்டியில் வைத்தால் குச்சிக்கு யாரையும் கேட்க வேண்டாம்.

அதற்குள் புதுத் தலைவலி. நேற்று காலை மரத்தடியில் தளிர் இலைகள் கத்தரியால் நறுக்கிய மாதிரி நேர்க்கோட்டில் வெட்டுப்பட்டுக் கிடந்தன. ஆடு கடித்ததல்ல, இலை வெட்டும் கூன்வண்டு. இலையில் முட்டை வைத்துவிட்டு அதை வெட்டிக் கீழே தள்ளிவிடும், புழு அதற்குள் வளர்ந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். விழுந்ததை எல்லாம் பொறுக்கி எரித்துவிட்டேன். ஐந்து ஒட்டுக்கும் கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டியிருக்கிறேன், பழைய வலை இரண்டுக்குத்தான் சரியாக இருந்தது, மீதி மூன்றுக்கு அம்மா புதிதாக வாங்கிய வலையைக் கொடுத்துவிட்டார்.