தாரண வருஷத்தால் மூன்று நடை வீண்

எங்கள் அப்பாருவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, அப்பாருவைத் தேடித்தான் இவ்வளவு அலைச்சலும். நாமக்கல் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைத்தவர். பெயரைத் தவிர அவரைப் பற்றி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தப் பெயரைத்தான் எங்கள் அப்பாருவுக்கும் வைத்திருந்தார்கள். நான் ஏமாந்ததும் அதில்தான்.

பரணில் இருந்த மரப்பெட்டியில் ஒரு போக்கியப் பத்திரத்தின் (கடனுக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்க விடும் பத்திரம்) கைப்பிரதி கிடைத்தது. முத்திரை இல்லாத வெறும் தாள். 'தாரண ௵ (வருஷம்) ஆவணி ௴ (மாதம்)', பக்கத்தில் தேதியும் கிழமையும். எழுதிக்கொடுத்தவர் பெயரும் தகப்பன் பெயரும் சரியாகப் பொருந்தின. தாரண வருஷம் என்றால் 1884. மூலப் பத்திரத்தைப் பிடித்துவிட்டால் போதும் என்று பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

முதல் நாள், "கம்ப்யூட்டர்ல 1975-லிருந்துதாங்க இருக்கு" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார் அங்கிருந்தவர். பழைய புத்தகங்களில் தேட மனு கொடுக்கலாம் என்ற விஷயத்தை வாசலில் இருந்த பத்திர எழுத்தர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் நடையில், எல்லை மாறியதால் பழைய புத்தகங்கள் வேறு அலுவலகத்தில் இருக்கின்றன என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நாள் லீவு மிஞ்சியிருக்கும். மூன்றாம் நடையில் கட்டணம் கட்டி, மதியம் வரை காத்திருந்து வாங்கிய பதில்: அந்த வருஷத்தில் அப்படி ஒரு பத்திரம் இல்லை.

மனம் விட்டுப்போய்த்தான் மறுபடி பெட்டியைத் திறந்தேன். அடியில் கம்பியில் கோத்த வரிச்சீட்டுகள் இருந்தன. துரு ஏறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இழுத்திருந்தால் கிழிந்திருக்கும், கம்பியை வெட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எழுத்தில் புள்ளியே கிடையாது, காலும் ரகரமும் ஒன்றேபோல் இருந்தன. ஒரு சீட்டில் 'பசலி ௲௨௱௮௰௬' என்றிருந்தது. 1286. பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு, அதோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருஷம் வந்துவிடும்: 1876. தாது வருஷம். சேலம் ஜில்லாவைச் சூறையாடிய பஞ்சத்தின் முதல் வருஷம். அந்தச் சீட்டில் நான்கு நிலங்களுக்கு அவர் பெயரில் வரி. பசலி 1288 சீட்டில் ஒரே ஒரு நிலம்தான். பெயரும் அவருடையது இல்லை. அவருடைய பெண்சாதி என்று குறித்து ஒரு பெண்ணின் பெயர்.

கை நடுங்கிவிட்டது. 1878-லேயே நிலம் மனைவி பெயருக்குப் போயிருக்கிறது. அப்படியானால் 1884-இல் போக்கியம் எழுதிக்கொடுத்தது யார்?

அப்புறம்தான் உறைத்தது. தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாரண 1884-இலும் வந்தது, 1944-இலும் வந்தது. எங்கள் வீட்டில் மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் என்பதால் 'இன்னார் மகன் இன்னார்' என்பதும் ஒன்றுவிட்ட தலைமுறையில் அப்படியே திரும்பும். பேரன் என்றாலே பெயரன்தானே! பழைய பஞ்சாங்கத்தில் கிழமையைப் பார்த்தேன். 1944-க்குத்தான் பொருந்தியது. அது எங்கள் அப்பாரு எழுதிக்கொடுத்த போக்கியம்.

தேடக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து வருஷப் பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பசலி இருக்கிறதா என்று பாருங்கள், அது திரும்பி வராது. அது இல்லையென்றால் கிழமை. 60 வருஷம் தள்ளினால் அதே தேதிக்குக் கிழமை மாறிவிடும். கடன் 100 ரூபாய்க்குக் குறைவு என்றால் அந்தக் காலத்தில் போக்கியத்தைப் பதிவு செய்யக் கட்டாயம் இல்லை. பதிவு அலுவலகத்தில் கிடைக்காததாலேயே நடக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சீட்டுகளைப் பிரிக்கும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். நான் எடுக்காமல் ஒரு சீட்டின் ஓரம் போய்விட்டது.

எண்பது வயதான என் அத்தையிடம் அந்தப் பாட்டியின் பெயரைப் படித்துக் காட்டினேன். பஞ்சத்தில் மிஞ்சிய அந்த ஒரு காட்டைப் பிள்ளைகளுக்காகக் காப்பாற்றி வைத்தவர் அவர். அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காப் படி கண்ணு" என்றார்.