பரோட்டா மாஸ்டருக்கு ஈஎஸ்ஐ-யில் மனநல சிகிச்சை: எங்கெங்கே இடிக்கிறது

ஹோட்டல் வேலை செய்கிற ஒருவரை மனநல சிகிச்சைக்கு அழைத்துப் போகுமுன் அவருடைய இ-பெஹ்சான் அட்டையை (ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் அடையாள அட்டை) எடுத்து, டிஸ்பென்சரி, அதாவது முதலில் போக வேண்டிய ஈஎஸ்ஐ மருந்தகம், என்ற இடத்தில் எந்த ஊர் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் கடை பரோட்டா மாஸ்டர் விஷயத்தில் முதல் அடி அங்கேதான் விழுந்தது. வேலைக்குச் சேர்த்தபோது ஒப்பந்தக்காரர் ஆதாரில் இருந்த சொந்த ஊர் விலாசத்தை அப்படியே ஏற்றிவிட்டார். ஆள் இருப்பது சென்னையில், கடை மாடியில் உள்ள ரூமில். டிஸ்பென்சரியோ ராமநாதபுரம் பக்கம். கவுன்டரில் அட்டையைப் பார்த்தவர், "உங்களுக்கு இங்க இல்லப்பா" என்று தள்ளிவிட்டார். எங்கே போய் மாற்ற வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிஸ்பென்சரியை மாற்ற நிறுவனத் தரப்பில் ஈஎஸ்ஐ இணையதளத்தில் கோரிக்கை போட வேண்டும், அல்லது கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் சம்பளம் போனதைவிடப் பெரிய நஷ்டம், கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்த மனிதர் "இதுக்குத்தான் வேணாம்னேன்" என்று திரும்பிவிட்டதுதான். அவரை மறுபடி கிளப்ப நெடுநாள் ஆனது.

அடுப்படியில் நிற்கும் ஆண்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது என்பார்கள். சப்ளையர் ஆர்டரை மாற்றிச் சொன்னால் கரண்டி பறக்கும். முன்பு லீவு நாளில் மட்டும் குடித்தவர் தினமும் கடை அடைத்ததும் குடிக்க ஆரம்பித்திருப்பார். காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணி நேரம் சும்மா கிடந்து, மறுபடி இரவு பன்னிரண்டு வரை நிற்கிற பிரேக் ஷிஃப்டில் உடம்புக்குத் தொடர்ந்த தூக்கமே கிடையாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். டாக்டர் முன் உட்கார்ந்தால் பாதிப் பேர் "ஒண்ணுமில்ல சார்" என்று எழுந்துவிடுகிறார்கள்.

அடுத்தது கவுன்டர். என்ன வியாதி என்று வரிசையில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்கள், பதிலைத் திரும்பவும் சத்தமாகச் சொன்னார்கள். இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை இல்லை. மனநல சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது 2017 மனநல பராமரிப்புச் சட்டப்படி நோயாளியின் உரிமை. அங்கே நின்று சட்டம் பேச முடியாதென்றால், "தூக்கமில்லை, மீதியை டாக்டரிடம் சொல்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிஸ்பென்சரி டாக்டரிடம் ரெஃபரல் (பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லும் பரிந்துரைச் சீட்டு) வாங்கியது சுலபமாகத்தான் முடிந்தது. ஈஎஸ்ஐ மருத்துவமனையில் மனநல ஓபி என்றைக்கு என்று முன்கூட்டியே கேட்டு, வார லீவை அந்த நாளுக்கு மாற்றி வாங்குங்கள்.

மருந்துச் சீட்டில் 0-0-1 என்று இருந்தால் மாத்திரை ராத்திரிக்கு என்று அர்த்தம். டாக்டர் நினைப்பது பத்து மணி. நம் ஆள் பத்து மணிக்குக் கல்லில் நெருப்போடு நிற்கிறார். தூக்கம் வரவைக்கும் மாத்திரையை அப்போது போட்டால் கை வெந்துபோகும். ஷிஃப்ட் நேரத்தையும் நெருப்பு, கத்தி வேலை என்பதையும் டாக்டரிடம் சொன்னால், எத்தனை மணிக்குப் போடுவது என்று அவரே மாற்றி எழுதித் தருவார். எங்களுக்கு அப்படித்தான் எழுதித் தந்தார். செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆனால் குமட்டல் முதல் வாரமே வந்துவிடும். நம் ஆட்கள் மருந்தை விடுவது இந்த இடைவெளியில்தான்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் கொடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அடுப்புச் சூட்டில் வியர்த்து உப்பும் நீரும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், இப்யூப்ரோஃபென் மாத்திரைகளும் அதை ஏற்றிவிடும். கைநடுக்கம் அதிகமானால், வாந்தி, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் என்று வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவரை "இன்னையிலேருந்து தொடாதே" என்று ரூமில் பூட்டி வைப்பதும் ஆபத்து. திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் மனக்குழப்பம் வரலாம். வார்டில் சேர்த்து நிறுத்துவதுதான் சரி.

இனி பணம். நோய்க்கால உதவித்தொகை சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அதற்குரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒன்பது மாதம் வரை இந்தப் பணம் வராது, ஆனால் சிகிச்சை முதல் நாளிலிருந்தே உண்டு. மாதம் முழுக்க நின்றவருக்குப் பாதி நாள் மட்டும் காட்டியிருந்தார் ஒப்பந்தக்காரர். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தது மட்டும் தவறவில்லை! ஐபி போர்ட்டலில் (காப்பீடு பெற்றவருக்கான ஈஎஸ்ஐ இணையப் பக்கம்) மாதாமாதம் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கடைச் சுவரில் ஒட்டும் டியூட்டி சார்ட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அந்தப் படங்களை வைத்துத்தான் எங்களால் புகார் எழுத முடிந்தது.

விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழில் பரிவோடு "உடல் பலவீனம்" என்று எழுதித் தர ஒரு டாக்டர் முன்வந்தார். வேண்டாம் என்றோம். ஸ்கிசோஃப்ரினியா மாதிரி ஈஎஸ்ஐ பட்டியலில் உள்ள தீவிர மனநோய்களுக்கு, நீட்டித்த உதவித்தொகையாகச் சராசரி தினச் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். அதற்கு நோயின் சரியான பெயர் இருந்தாக வேண்டும். முதலாளிக்குத் தெரிய வேண்டியது விடுப்புத் தேதிகள் மட்டுமே.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டிய சூப்பர்வைசர்களுக்கும் செஃப்களுக்கும் ஈஎஸ்ஐ கிடையாது. மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது, சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. கடை அடைத்து ஒரு மணிக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். இந்தி, வங்காளம், ஒடியாவிலும் பேசலாம் என்பதால் வடமாநிலத் தம்பிகளிடமும் இந்த எண்ணைக் கொடுங்கள். உயிரை விட்டுவிடுவேன் என்று ஒருவர் சொன்னால் அவரை ரூமில் தனியாக விடாதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

வேலைக்குத் திரும்பும் நாளில் இறுதிச் சான்றிதழை (வேலைக்குத் தகுதி என்று டாக்டர் தருவது) மறக்காமல் வாங்குங்கள். அது இல்லாமல் கடைசித் தவணை நிற்கும். பிரேக் ஷிஃப்ட் வேண்டாம், தொடர் ஷிஃப்ட் வேண்டும் என்று டாக்டரிடமே எழுதி வாங்கினோம். முதலாளி முணுமுணுத்தாலும் ஒப்புக்கொண்டார். மாஸ்டர் இப்போது காலையில் வந்து மாலையில் போகிறார். உதவித்தொகையும் வங்கியில் ஏறிவிட்டது. காட்டாமல் விட்ட நாட்களுக்கான புகார் மட்டும் கிளை அலுவலகத்தில் இன்னும் கிடப்பில் கிடக்கிறது.