வாந்திக்கு ஊசி போட்டார்கள், உயிருக்கு வேண்டிய ஊசியைப் போடவில்லை

அம்மாவுக்கு அடிசன் நோய். சிறுநீரகங்களின் மேல் இருந்துகொண்டு, உயிருக்கு வேண்டிய கார்ட்டிசால் ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிகள் இரண்டையும் பழைய காசநோய் கெடுத்துவிட்டது. தினமும் போடும் ஹைட்ரோகார்ட்டிசோன், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைகளில்தான் உடம்பு ஓடுகிறது. அந்த மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் என்ன ஆகும் என்று போன மாதம் பார்த்தோம்.

மதியம் காய்ச்சலோடு வாந்தி. கொடுத்த மாத்திரை வெளியே வந்தது, மறுபடி கொடுத்ததும் வந்தது. உடனே ஆட்டோ பிடித்து, பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையின் கேஷுவால்டிக்குப் போனோம். பிரஷர் 80/50.

டியூட்டி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஃபுட் பாய்சன் மாதிரி இருக்கு" என்றார். வாந்தி நிற்க ஒரு ஊசி, கேஸுக்கு ஒரு ஊசி, சொட்டுச் சொட்டாக ஒரு பாட்டில் சலைன். நான் சொன்னேன்: "சார், அம்மாவுக்கு அடிசன். ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் உடனே போடணும்."

"காய்ச்சல் இருக்கும்போது ஸ்டீராய்டு எல்லாம் சும்மா போட முடியாதும்மா. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கா?"

இருந்தது. வேறொரு மருத்துவமனையில் கொடுத்தது. அதில் நோயின் பெயர் என்ற இடத்தில் 'சோடியம் குறைவு' என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஏன் குறைந்தது என்று எழுதவில்லை. அடிசன் என்ற சொல்லே அந்தத் தாளில் கிடையாது. மாத்திரைப் பட்டியலைக் காட்டினேன், அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "கார்ட்டிசால் டெஸ்ட் அனுப்புறோம், ரிப்போர்ட் வரட்டும்" என்றார். ரிப்போர்ட் மறுநாள்தான் வருமாம்.

இன்னும் எனக்கு ஆறாத இடம் இதுதான். கார்ட்டிசால் போதாமல் உயிருக்கே ஆபத்தாகும் நிலைக்கு அட்ரினல் நெருக்கடி என்று பெயர். அந்தச் சந்தேகம் வந்தாலே ரத்தத்தை எடுத்துவிட்டு ஊசியைப் போட்டுவிட வேண்டும், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. எங்கள் ஹார்மோன் டாக்டர் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இருந்தும் அம்மாவுக்குப் பேச்சு குழற ஆரம்பித்த பிறகுதான் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். 58தான், குறைவு. குளுக்கோஸ் ஏற்றினார்கள். லேபிலிருந்து சோடியம் 118 (ரொம்பக் குறைவு), பொட்டாசியம் 5.9 (அதிகம்) என்று வந்தது. அப்போதும் ஊசி போடவில்லை.

காப்பாற்றியது ஒரு சீனியர் சிஸ்டர். அம்மாவின் உள்ளங்கையை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். ரேகைகள் மட்டும் மை தேய்த்த மாதிரி கறுத்திருக்கும், மாத்திரை தொடங்கிய பிறகும் முழுசாகப் போகாத, அடிசனின் அடையாளமான கறுப்பு. உதட்டை இழுத்து ஈறையும் பார்த்தார். "உங்க டாக்டர் நம்பர் இருக்கா? போடுங்க" என்றார். டாக்டர் எடுத்ததும் போனை டியூட்டி டாக்டர் கையில் கொடுத்தார். பேச்சு ஒரு நிமிடம்கூட இல்லை. ஃபார்மசியில் பில் போட வரிசை நின்றது. சிஸ்டர் அதற்கும் காத்திருக்கவில்லை, எமர்ஜென்சி டிராலியிலிருந்தே ஹைட்ரோகார்ட்டிசோன் வயலை (மருந்துக் குப்பியை) எடுத்துக் கலக்கி ஊசி போட்டுவிட்டார். சலைனையும் வேகமாகத் திறந்துவிட்டார். அவருக்கு ஆயுசுக்கும் நன்றி.

ராத்திரிக்குள் பிரஷர் 100-ஐத் தாண்டியது, அம்மா தண்ணீர் கேட்டார். அப்புறம் ஐசியூ, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை 50 மில்லிகிராம் ஊசி. சோடியத்தை நிதானமாகத்தான் ஏற்றினார்கள், வேகமாக ஏறினால் மூளைக்கு ஆபத்து.

வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவர் யாராவது இருந்தால் இதைக் கேளுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பல மாதமாக ஸ்டீராய்டு சாப்பிட்டு, சட்டென்று நிறுத்தியவர்களுக்கும் இதே நெருக்கடி வரலாம். காய்ச்சல் வந்தால் எவ்வளவு கூட்ட வேண்டும், வாந்தி எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் எழுதியே வாங்கி வையுங்கள். ஒரு ஹைட்ரோகார்ட்டிசோன் வயலும் சிரிஞ்சும் வீட்டில் இருக்கட்டும், தொடையில் போடக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் தொடங்கினால் ஸ்டீராய்டு அளவை மாற்ற வேண்டியிருக்கும், அதையும் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த சம்மரியின் முதல் வரியில் 'வயிற்றுப்போக்கு, வாந்தி' என்று இருந்தது. வயிற்றுப்போக்கே இல்லை! "டைப் பண்ணினா மாத்த முடியாதுங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். நான் நகரவில்லை. டாக்டரை வரவழைத்து, 'அடிசன் நோய், அட்ரினல் நெருக்கடி, ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது' என்று மேலேயே போடச் சொல்லி, சீல் வைத்து வாங்கிய பிறகுதான் பில்லைக் கட்டினேன்.